விண்டோஸ் ஹெல்ப் ஃபைலை லினக்ஸில் படிப்பது: ஆறு வருட அனுபவம்

போன வாரம் நண்பர் போன் செய்தார். பழைய லேப்டாப்பில் உபுண்டு லினக்ஸ் போட்டிருக்கிறார். ஒரு மோட்டார் டிரைவின் (மோட்டாரை இயக்கிக் கட்டுப்படுத்தும் கருவி) மேனுவல் சிஎச்எம் ஃபைலாக, அதாவது விண்டோஸ் ஹெல்ப் ஃபைலாக வந்திருக்கிறது. "டபுள் கிளிக் பண்ணா எதுல திறக்கிறதுன்னு கேக்குது. நீங்க எதுல படிக்கிறீங்க?" என்றார். அவசரத்தில் எக்ஸ்சிஎச்எம் என்று பெயரை மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அது போதாது.

ஆறு வருடமாக நான் பயன்படுத்துவது அதைத்தான். டெபியன், உபுண்டு என்ற இரண்டு லினக்ஸ்களிலும் ஒரே கமாண்டில் வந்துவிடும். சின்ன மென்பொருள், சட்டென்று திறக்கும். இடப்பக்கம் பொருளடக்கம், அகரவரிசை, தேடல் எல்லாம் விண்டோஸில் இருப்பது போலவே இருக்கும்.

நான் எதிர்பார்க்காத நன்மை ஒன்று உண்டு. இதில் ஜாவாஸ்கிரிப்ட் (பக்கத்துக்குள் ஓடும் சின்ன புரோகிராம்) ஓடாது, நிறம், கட்டம், எதை மறைப்பது என்றெல்லாம் சொல்லும் சிஎஸ்எஸ் அலங்காரத்தையும் இது கண்டுகொள்ளாது. எங்கள் பட்டறை டிரைவின் மேனுவலில் நாற்பது அலாரம் எண்கள், ஒவ்வொன்றும் ஒரு பழுதைக் குறிக்கும். விண்டோஸில் ஒவ்வொரு எண்ணையும் கிளிக் செய்தால்தான் காரணமும் தீர்வும் விரியும். எக்ஸ்சிஎச்எம்மில் மறைத்து வைத்ததெல்லாம் தானாகவே விரிந்து, ஒரே நீளப் பக்கமாக வந்து நிற்கும். மிஷின் நின்றுபோய் பக்கத்தில் நாலு பேர் காத்திருக்கும்போது அது எவ்வளவு பெரிய உதவி என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. இன்டர்நெட்டிலிருந்து இறக்கிய சிஎச்எம்மை விண்டோஸில் திறந்தால், பல நேரம் வலப்பக்கம் வெள்ளையாக நிற்கும். ப்ராப்பர்ட்டீஸில் போய் 'அன்பிளாக்' கொடுக்க வேண்டும். சிஎச்எம்முக்குள் ஸ்கிரிப்ட் வைத்து வைரஸ் பரப்பியவர்கள் இருந்ததால் போட்ட பூட்டு அது, நியாயம்தான். லினக்ஸில் அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் அலங்காரம் போவதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. 'பவர் ஆஃப் செய்த பின் கெபாசிட்டர் டிஸ்சார்ஜ் ஆகும்வரை காத்திருக்கவும்' என்ற வரி விண்டோஸில் சிவப்புக் கட்டத்துக்குள் இருக்கும். இங்கே அது மற்ற வரிகளோடு சாதாரண எழுத்தில் கிடக்கிறது. புதிதாக வேலைக்கு வரும் பையன் அதைத் தாண்டிப் போய்விடுவான். அதனால் அந்தப் பக்கத்தை மட்டும் கேசிஎச்எம்வியூவர் என்ற இன்னொரு மென்பொருளில் திறந்து காட்டுகிறேன். அது பிரவுசர் போலவே நிறத்தோடு காட்டும்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். பையன்கள் போனில் பார்க்கட்டும் என்று, அந்தச் சிஎச்எம்மை செவன்-ஜிப் என்ற மென்பொருளால் தனித்தனி ஃபைல்களாகப் பிரித்து பட்டறையின் லினக்ஸ் சர்வரில் போட்டேன். முதல் பக்கம் அழகாக வந்தது. உள்ளே போனால் பாதி லிங்க் 'பக்கம் இல்லை' என்கிறது. காரணம் தேடிப் பார்த்தேன். ஃபைலின் பெயர் பெரிய எழுத்தில் ஆரம்பிக்கிறது, லிங்க்கில் சின்ன எழுத்து. சில படங்களின் பெயரில் கடைசி மூன்றெழுத்து மட்டும் பெரியது. விண்டோஸுக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து எல்லாம் ஒன்றுதான். எக்ஸ்சிஎச்எம்மும் ஃபைலுக்குள் தேடும்போது அந்த வித்தியாசம் பார்ப்பதில்லை, அதனால் அதில் இந்த லிங்க்குகள் வேலை செய்தன. வெளியே எடுத்து வைத்த பிறகுதான் லினக்ஸ் இரண்டையும் தனித்தனிப் பெயராகப் பார்க்கிறது.

சனிக்கிழமை மூன்று மணி நேரம் அதற்கே போயிற்று. எல்லா ஃபைல் பெயரையும் சின்ன எழுத்தாக மாற்றி, ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் இருக்கும் லிங்க்கையும் மாற்றினேன். அப்புறம் பார்த்தால் 17 பக்கங்களில் லிங்க் ஸ்கிரிப்ட்டுக்குள் எழுதியிருக்கிறது. அவற்றைக் கையால் திருத்தினேன். அடுத்த மாதம் மேனுவலின் புது வெர்ஷன் வரும், மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். இத்தனை விலைக்கு டிரைவ் விற்பவர்கள் பெயர்களை ஒரே சீராக எழுதியிருக்கக் கூடாதா?

எக்ஸ்சிஎச்எம் நல்ல மென்பொருள், நான் அதை நீக்கப் போவதில்லை. இருந்தாலும் நேற்று நண்பருக்குத் திரும்ப போன் செய்து, அதை இன்ஸ்டால் பண்ண வேண்டாம், முதலில் கம்பெனிக்கு மெயில் போட்டு பிடிஎஃப் கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.