உடைந்த கதவுப் பேனல்: ஒட்டுவதா, மாற்றுவதா?

ஏற்காட்டில் ஒரு குளிர்காலக் காலையில் காரில் ஸ்பீக்கர் மாற்றலாம் என்று கதவுப் பேனலை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினேன், டக்கென்று கிளிப்போடு, பேனலில் அது உட்காரும் காதும் போச்சு. குளிரில் பிளாஸ்டிக் விறைக்கும், கொஞ்சம் வெயிலில் விட்டிருக்கலாம்.

செலவு: ஒட்டினால் பசைக் காசுதான். மாற்றினால், கிளிப் சல்லிசு, முழுப் பேனல் கையைக் கடிக்கும்.

எவ்வளவு நாள் உழைக்கும்: பேனலின் பின்பக்கம் ஏபிஎஸ் (ABS, ஒரு பிளாஸ்டிக் வகை) என்று அச்சிட்டிருந்தால் எபாக்சி (இரண்டு பாகம் கலந்து பூசும் பசை) நன்றாகப் பிடிக்கும். பிபி (PP, பாலிப்ரொப்பிலீன் என்ற இன்னொரு பிளாஸ்டிக்) என்றிருந்தால் சாதாரணப் பசை நிற்காது, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் வருவதற்குள் கடகடவென்று ஆடும் (எனக்கு ஆடியது).

சுலபம்: எபாக்சி இரவு முழுக்கக் காயணும், கிளிப் ஒரு தட்டில் உட்காரும்.

கிளிப் மட்டும் உடைந்தால் புதுசு போடுங்கள். ஏபிஎஸ் காது என்றால் எபாக்சி. பிபி காது என்றால் பழைய உதிரிபாகக் கடையில் பேனல் தேடுங்கள். ஏர்பேக் மூடியில் மட்டும் பசையே வேண்டாம்.