துடிக்கும் தலைப்புடைப்புக்கு அறுவை சிகிச்சை: நோயாளியின் மதிப்பீடு

இடது காதுக்கு மேலே, சிறுவயதில் பட்ட அடிக்குப் பிறகு மெல்ல வளர்ந்த புடைப்பை, 'நரம்பு சுருண்டிருக்கிறது' என்றே வீட்டில் பல ஆண்டுகள் சொல்லி வந்தோம். விரலை வைத்தால் நாடியைப் போலத் துடிக்கும். அந்தப் பக்கம் சாய்ந்து படுத்தால் காதில் 'உஸ், உஸ்' என்ற இரைச்சல் உறங்க விடாது. அது நரம்பன்று, இடையில் தந்துகிகள் எனும் மயிரிழை ரத்தக்குழாய்கள் இல்லாமல் தமனியும் சிரையும் நேரே இணைந்து உருவான ரத்தக்குழாய்ப் பின்னல் என்று தெளிவாகச் சொன்னது, எனக்குச் சிகிச்சையளித்த மருத்துவமனையின் நரம்பியல் அறுவைப் பிரிவுதான்.

அவர்கள் கத்தியை எடுக்க அவசரப்படவில்லை என்பதையே முதல் நிறையாகச் சொல்வேன். முன்பு வேறோர் இடத்தில், ரத்தம் கொண்டுவரும் தமனியைக் கட்டிவிட்டால் போதும் என்றார்கள். பின்னல் உள்ளே இருக்கும்வரை அக்கம்பக்கத்துத் தமனிகள் விரிந்து அதற்கு ரத்தம் ஊட்டும் என்பதையும், கட்டிய தமனி வழியே பிறகு, ரத்த ஓட்டத்தைக் குறைக்கும் பசையைக் கொண்டுசெல்லும் நுண்குழாயைச் செலுத்த முடியாமல் போகும் என்பதையும், இங்குள்ள மருத்துவர் தாளில் வரைந்தே விளக்கினார். ஆஞ்சியோகிராமில் நெற்றிப்பொட்டுத் தமனியும் பிடரித் தமனியும் ஊட்டுவது தெரிந்தது. மண்டையோட்டுக்குள் இருக்கும் குழாய்களோடு தொடர்பில்லை என்று உறுதியான பிறகே நாள் குறித்தார்கள்.

முதல் நாள் தொடை வழியாக நுண்குழாயைச் செலுத்தி, மருத்துவப் பசையால் ரத்த ஓட்டத்தைக் குறைத்தார்கள். மறுநாள் தலைத்தோலைத் திறந்து பின்னலை முழுவதுமாக அகற்றினார்கள். ஏற்பாடு செய்து வைத்திருந்த ரத்தம் தேவைப்படவேயில்லை. தலையை முழுக்க மழிக்காமல், வெட்டும் கோட்டை ஒட்டி மட்டும் முடியை எடுத்தது சிறிய செயல்தான். கண்ணாடி முன் நின்றபோது அதன் அருமை தெரிந்தது.

அறுவைக்குப் பிந்தைய கவனிப்பைப் பற்றி இப்படிச் சொல்ல முடியவில்லை. தழும்பைச் சுற்றித் தோல் மரத்துப்போகலாம், ரத்த ஓட்டம் குறைந்து ஓரம் கறுத்துப் புண்ணாகலாம் என்பதெல்லாம் ஒப்புதல் படிவத்தில் ஒரு வரியாக இருந்ததே தவிர, யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்குக் கட்டைவிரல் அகலத்துக்குத் தோல் கறுத்து, ஆற ஆறு வாரமானது. புண்ணைக் காட்டச் சென்ற மூன்று முறையும் மூன்று வெவ்வேறு மருத்துவர்கள். ஒவ்வொருவரிடமும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

ஆறு மாதம் கழித்து எடுத்த ஆஞ்சியோகிராமில் மிச்சம் எதுவுமில்லை, இரைச்சலும் நின்றுவிட்டது. அறுவைக்காக இதே பிரிவுக்கு மீண்டும் செல்லத் தயங்க மாட்டேன். ஆனால் கட்டுப் பிரிக்கும் நாளில் அறுவை செய்த மருத்துவரே பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்வேன்.