தாவர வெண்ணெய்க் கட்டி: குக்கீக்கு முழு மார்க், கிரீமுக்குப் பாதி

பால், முட்டை உட்பட விலங்கிலிருந்து வரும் எதையும் சாப்பிடாத வீகனாக மாறியவர்களுக்குக் கடையில் காய்கறிப் பக்கம் ஒரு சிரமமும் இல்லை. குளிர்பெட்டிக்கு முன்னால்தான் நேரம் போகும். டப்பாவில் வரும் ஸ்ப்ரெட் ஒரு பக்கம், தாளில் சுற்றிய கட்டி ஒரு பக்கம். இரண்டின் முகப்பிலும் அதே பச்சை இலை, அதே மஞ்சள் சுருள். வீட்டில் பேக் செய்கிறவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், கட்டியை எடுங்கள். டப்பா ரொட்டியில் தடவுவதற்கு.

காரணம் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது. பால் வெண்ணெயில் குறைந்தது 80 சதவீதம் கொழுப்பு. பேக்கிங் குறிப்புகள் எல்லாம் அந்தக் கணக்கை வைத்து எழுதப்பட்டவை. நல்ல தாவரக் கட்டியிலும் 75 முதல் 80 வரை இருக்கும். டப்பாவிலோ பல நேரம் 60, சிலதில் 40தான். மீதி பெரும்பாலும் தண்ணீர். அதைப் போட்டால் குக்கீ குக்கீயாக வராது, மெத்தென்று சின்னக் கேக்காக வரும். அதனால் நான் முதலில் தேடுவது கொழுப்பு சதவீதம், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

மற்றதில் முக்கியம், பால் ஒளிந்திருக்கிறதா என்பது. வெண்ணெய்க்குப் பதிலாக விற்கும் கொழுப்புப் பண்டத்தின் மேல் ‘மார்ஜரின்’ என்று போட்டிருந்தாலே வீகன் என்று நம்பிவிடக் கூடாது. மோர்ப்புரதப் பொடி, அதாவது வே பவுடர், சேர்த்த மார்ஜரின் உண்டு. 1869இல் பிரான்சில் மார்ஜரினைக் கண்டுபிடித்த மேஜ்-மூரியே அதைச் செய்ததே மாட்டுக் கொழுப்பில்தான்! விட்டமின் டி3 சேர்த்திருந்தால் அது ஆட்டு ரோமத்து மெழுகிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். டி2 என்றால் கவலை இல்லை. எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் சேர்த்துவைக்கும் ஈ471 செடியிலிருந்தும் வரும், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரும். வீகன் முத்திரை இருந்தால் இந்தத் துப்பறியும் வேலை மிச்சம். ‘பால் கலந்திருக்கலாம்’ என்ற வரியைப் பார்த்துப் பலர் கீழே வைத்துவிடுகிறார்கள். அது அதே இயந்திரத்தில் பால் பொருளும் ஓடுகிறது என்ற ஒவ்வாமை எச்சரிக்கை; சேர்மானம் இல்லை. நான் வாங்குவேன். பால் ஒவ்வாமை உள்ளவர் வாங்கக் கூடாது.

இனி அடுப்பங்கரை. நான் வாங்கும் கட்டி தேங்காய் எண்ணெயும் ஷியா மரக் கொட்டையிலிருந்து எடுக்கும் ஷியா வெண்ணெயும் கலந்தது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் கத்தி வைத்தால் ஓரம் சாக்பீஸ் மாதிரி உதிரும். கொஞ்சம் வெளியே வைத்தால் வளையும். இன்னும் கொஞ்சம் விட்டால் எண்ணெய்ப் பளபளப்பு வந்துவிடும். பால் வெண்ணெய் இப்படி அவசரப்படாது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உருகிவிடும், வித்தியாசம் அங்கேதான். ஆகவே ‘அறை வெப்பத்தில் வைக்கவும்’ என்று குறிப்பில் இருந்தால் நான் பாதி நேரம்தான் வைப்பேன். சர்க்கரையோடு அடிக்கும்போதும் வெளுத்து வந்ததும் நிறுத்திவிடுவேன்.

குக்கீ பிரமாதம். முட்டைக்குப் பதில் ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் ஊற வைத்துச் சேர்க்கிறேன். மாவைக் குளிர வைத்து ஓவனில் வைத்தால் ஓரம் மொறுமொறு, நடு மெத்து. என் தங்கை மகன் வீகன் பண்டம் என்றாலே மூக்கைச் சுளிப்பவன். அவனே டப்பாவைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டான். பஃப் மாவும் நன்றாகப் பிரிந்து வருகிறது, மடிப்புக்கு மடிப்பு குளிரூட்டும் பொறுமை இருந்தால். டார்ட்டுக்கு மாவில் பிசிறிச் சேர்க்கவும் தோது.

சாதாரணக் கேக்குக்கு இதை வாங்குவது வீண். எண்ணெய் ஊற்றிச் செய்கிற கேக் இதைவிட ஈரப்பதமாக வரும், செலவும் குறைவு.

கேக் மேல் பூசும் பட்டர்கிரீம்தான் தொல்லை. அடித்து முடித்ததும் அழகாக நிற்கும், பூ கூடப் பிழியலாம். அறை கொஞ்சம் வெக்கையாக இருந்தால் இதழ் ஓரமெல்லாம் மழுங்கிச் சரிய ஆரம்பிக்கும். பரிமாறும்வரை குளிர்பெட்டியை விட்டு எடுக்காதீர்கள். உப்பும் பாருங்கள், பல கட்டிகளில் உப்பு ஏற்கெனவே இருக்கும், குக்கீயில் சுவை கூட்டும் அதே உப்பு கிரீமில் துருத்திக்கொண்டு நிற்கும்.

வெண்ணெயைச் சிவக்கக் காய்ச்சி அந்த முந்திரி வாசனையைக் கொண்டுவர நினைப்பவர்களுக்கு ஏமாற்றம். அந்த நிறமும் மணமும் பாலின் புரதமும் லாக்டோஸும் சிவப்பதால் வருவது. இதில் அவை கிடையாது. எண்ணெய் காய்கிறது, அவ்வளவுதான். நட்ஸ் புரதம் சேர்த்த சில கட்டிகள் கொஞ்சம் சிவக்கும். வாசனைக்கு நான் நட்ஸை வறுத்துப் பொடித்துச் சேர்த்துவிடுகிறேன்.

மொத்தமாக வாங்கினால் உறைபெட்டியில் நன்றாகவே தாங்கும். தாளோடு ஒரு மூடிய டப்பாவில் போடுங்கள், இல்லையென்றால் பக்கத்தில் இருக்கிற வாசனையை எல்லாம் இழுத்துக்கொள்ளும். வீட்டுக்கு வருகிறவர்களில் நட்ஸ் ஒவ்வாமை உள்ளவர் இருந்தால் சேர்மானப் பட்டியலை இன்னொரு தடவை படித்துவிட்டு வாங்குங்கள். முந்திரி அடிப்படையில் செய்த கட்டிகளும் அதே தட்டில்தான் அடுக்கியிருக்கும்.