வேலூரில் அப்பாவுக்கு ஆஞ்சியோ: சிகிச்சைக்கு ஐந்து ஸ்டார், பில்லுக்கு ஒன்று

அப்பாவுக்கு 67 வயது. மாடிப்படி ஏறினால் நெஞ்சை அடைக்கிறது என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், டிரெட்மில் டெஸ்ட்டிலும் சந்தேகம் என்று வந்ததால் காட்பாடியிலிருந்து கூட்டிப்போய் வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில், இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் ஆஞ்சியோகிராமுக்குச் சேர்த்தோம். பெயர் வேண்டாம். பல இடங்களில் இதே கதைதான் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மணிக்கட்டு வழியாகவே செய்தார்கள், மறுநாள் காலை அப்பா தானே எழுந்து நடந்தார். இரவு டியூட்டி சிஸ்டர் மணிக்கொரு தடவை வந்து "அப்பா, கையை மடக்காதீங்க" என்று சொல்லிக் கட்டைப் பார்த்துவிட்டுப் போவார். அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

இனி பணம். சேர்க்கும்போதே கேட்டேன். ஆஞ்சியோவுக்கு 18,000, அடைப்பு இருந்து ஸ்டென்ட் (ரத்தக்குழாயைத் திறந்தே வைக்கும் சின்ன வலைக்குழாய்) வைத்தால் "ஒன்றரை, ஒன்றே முக்கால் லட்சம் ஆகும் சார்" என்றார்கள். எழுதிக் கொடுங்கள் என்றால் பேஷன்ட்டுக்குப் பேஷன்ட் மாறுமாம். கட்டணப் பலகை ஒன்று இருந்தது, லிஃப்ட் பக்கத்தில், தண்ணீர் கேனுக்குப் பின்னால்: டாக்டர் பீஸ், ஈசிஜி, எக்ஸ்ரே, அறை வாடகை, அவ்வளவுதான், அதுவும் ஆங்கிலத்தில் மட்டும். பிற்பகல் மூன்று மணிக்கு என்னை உள்ளே கூப்பிட்டுத் திரையில் அடைப்பைக் காட்டி, இப்போதே ஸ்டென்ட் வைத்துவிடலாம், கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா படுத்திருக்கிறார். அந்த நேரத்தில் யார் விலை கேட்பார்கள்?

டிஸ்சார்ஜ் பில் 2,31,460 ரூபாய். அதை வீட்டுக்கு வந்து நிதானமாகப் படித்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. ஸ்டென்டுக்கு மட்டும் கம்பெனி பெயர், பிராண்ட், பேட்ச் எண், விலை எல்லாம் தனி வரியில் சுத்தமாக இருக்கிறது. அதற்குக் கீழே "கன்சூமபிள்ஸ் 46,200" என்று ஒரே வரி, அதாவது பயன்படுத்தித் தூக்கிப்போடும் பொருட்கள். கையுறையா, வயரா, அடைப்பை விரிக்கும் பலூனா, ஒரு விவரமும் இல்லை. ஏன் இந்த வித்தியாசம்? 2017 பிப்ரவரியில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் ஸ்டென்டுக்கு உச்ச விலை வைத்தது, மருந்து பூசிய வகைக்கு அன்றைக்கு 29,600 ரூபாய், அதற்கு முன் லட்சத்துக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்த பொருள். பில்லில் தனியாகக் காட்ட வேண்டும் என்றும் சேர்த்தே உத்தரவு போட்டார்கள். அரசு கண் வைத்த ஒரு வரி தெளிவாக இருக்கிறது, கண் வைக்காத மற்றதெல்லாம் மொத்தமாகக் கிடக்கிறது.

விதியே இல்லை என்று சொல்ல முடியாது. டாக்டர் தன் கட்டணத்தைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் ஒழுங்குமுறையே சொல்கிறது. மத்திய அரசின் 2012 விதிகள் மருத்துவமனைக் கட்டணங்களை உள்ளூர் மொழியிலும் ஆங்கிலத்திலும் எல்லாருக்கும் தெரியும் இடத்தில் வைக்கச் சொல்கின்றன. ஆனால் தமிழ்நாட்டுக்கு 1997லிருந்து தனிச் சட்டம், அதனால் அந்த மத்திய விதி இங்கே செல்லாது. சரி, நம் சட்டத்தின் கீழாவது அதிகாரிகள் நேரில் வந்து அந்தத் தண்ணீர் கேனை நகர்த்திப் பார்க்கட்டும்.

அமெரிக்காவில் 2021 ஜனவரி முதல் மருத்துவமனைகள் இன்சூரன்ஸ் கம்பெனியோடு பேசி வைத்த விலை உட்பட எல்லாவற்றையும் இணையத்தில் போட வேண்டும். அங்கேயும் முதல் நாளே எல்லாரும் கேட்டுவிடவில்லை. 2022இல் ஜார்ஜியா மாநிலத்தில் இரண்டு மருத்துவமனைகளுக்கு அபராதம் போட்டார்கள், ஒன்றுக்கு மட்டும் 8,83,180 டாலர், யாருக்கு எவ்வளவு என்பதையும் அரசே வெளியிட்டது. சிறிய மருத்துவமனை என்றாலும் நாளுக்கு 300 டாலர் வரை போகும். நமக்கும் அப்படி ஒன்று வேண்டும், எச்சரிக்கைக் கடிதத்தோடு நிற்காமல் நாள் கணக்கில் ஏறுகிற அபராதம்.

பில்லிங் கவுன்டரில் எனக்கு முன்னால் ஒரு வங்காளக்காரர் நின்றார். மனைவிக்கு வைத்தியம் பார்க்க வந்து லாட்ஜில் தங்கி, தானே சமைத்துச் சாப்பிடுகிறவர். பில்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரலை வைத்து "ஏ கியா ஹை" (இது என்ன) என்று கேட்டார், உள்ளே இருந்தவருக்கு இந்தி தெரியவில்லை. ஊர்க்காரன் எனக்கே விவரம் வாங்க இரண்டு மணி நேரம் ஆனது, நாலு பக்கம் பிரின்ட் எடுத்துக் கொடுத்தார்கள். அப்புறம் பார்த்தால் பயன்படுத்தாத ஒரு பலூன் அதில் இருந்தது, சொன்னதும் 9,800 ரூபாய் குறைத்தார்கள். அந்த நாலு பக்கத்தை யாரும் கேட்காமலே முதலிலேயே கொடுத்திருக்கலாம்.

ஆஞ்சியோவுக்குப் போகிறவர்கள் கேத் லேபுக்குள் (அதைச் செய்யும் அறை) அனுப்பும் முன்பே மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள், ஸ்டென்ட் வைத்தால் எவ்வளவு என்பதையும் சேர்த்து. ஸ்டென்ட் பெட்டியின் ஸ்டிக்கரைப் பத்திரப்படுத்துங்கள். நான் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் பலகையின் போட்டோவையும் பில் நகலையும் வைத்து மனு கொடுத்திருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.