குழியில் போன காரும் கைவிட்டுப் போன ஆறு மாதமும்

தென்னாப்பிரிக்காவில் கார் ஓட்டும் நம் மக்கள் இதைப் படித்துவிட்டு வீட்டில் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். சாலைக் குழியில் கார் அடிபட்டு முனிசிபாலிட்டியிடம் இழப்பீடு கேட்கிறீர்களா? அவர்கள் கொடுக்கும் படிவத்தை நிரப்பி ரெஃபரன்ஸ் நம்பர் வாங்கியதும் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். நான் அப்படித்தான் இருந்தேன். 14,650 ராண்ட் என் கைக்காசு போயிற்று.

நாங்கள் இருப்பது க்வாசூலு-நட்டாலில், டர்பனிலிருந்து தள்ளி ஒரு சின்ன ஊர். பிப்ரவரியில் தைப்பூசக் காவடி முடிந்து, அம்மாவையும் பெரிய மகளையும் ஏற்றிக்கொண்டு இரவு வீடு திரும்பினேன். நல்ல மழை. தெருவிளக்கு எரியவில்லை. குழி முழுக்கத் தண்ணீர் நின்றதால் பார்க்க வெறும் ஈரச் சாலை மாதிரிதான் இருந்தது. இடது முன்சக்கரம் 'டம்' என்று இறங்கியது. டயர் வெடித்து, ரிம் வளைந்து, ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்க ஆரம்பித்தது. அம்மாவின் மடியிலிருந்த பிரசாதத் தட்டு கீழே கொட்டிவிட்டது. யாருக்கும் அடி இல்லை, முருகன் காப்பாற்றினார்.

அந்த இருட்டில் போன் வெளிச்சத்தில் இரண்டு படம் எடுத்தேன். இரண்டிலும் தண்ணீர்தான் தெரிகிறது, குழியின் ஆழம் தெரியவில்லை. நான்கு நாள் கழித்துப் போனால் குழியை அடைத்து மேலே தார் போட்டிருந்தார்கள். மறுநாள் காலையிலேயே போய், ஒரு அளவுகோலையோ செங்கல்லையோ பக்கத்தில் வைத்துப் படம் எடுத்திருக்க வேண்டும். அந்தத் தாமதம் பின்னால் எவ்வளவு வலித்தது என்று எனக்குத்தான் தெரியும்.

காப்பீட்டில் கேட்கலாம் என்றால், என் பாலிசியில் முதல் 6,500 ராண்டை நானே கட்ட வேண்டும், அடுத்த வருடம் பிரீமியமும் ஏறும். அதனால் முனிசிபாலிட்டி அலுவலகத்துக்குப் போனேன். போலீஸ் நிலையத்தில் வாங்கிய எண், அஃபிடவிட், இரண்டு கொட்டேஷன், லைசென்ஸ் நகல் எல்லாம் மார்ச் முதல் வாரத்திலேயே கொடுத்துவிட்டேன். கவுண்டரில் இருந்த பெண்மணி அன்பாகத்தான் பேசினார். "நாங்களே கூப்பிடுவோம்" என்றார்.

யாரும் கூப்பிடவில்லை. ஏப்ரலில் நான் கூப்பிட்டபோது கோப்பு மதிப்பீட்டாளரிடம் இருக்கிறது என்றார்கள். மே மாதமும் அதே பதில். ஜூலையில், "கொட்டேஷன் பழசாகிவிட்டது, புதிதாக வாங்கி வாருங்கள்" என்றார்கள். வாங்கிக் கொடுத்தேன். பணம் வரப்போகிறது என்றுதானே நினைப்போம்?

செப்டம்பர் கடைசியில் ஒரு பக்கக் கடிதம் வந்தது. அந்தக் குழி பற்றித் தங்களுக்கு முன்கூட்டி எந்தப் புகாரும் வரவில்லை, ஓட்டியவர் போதிய கவனத்துடன் ஓட்டவில்லை, ஆகவே பொறுப்பேற்க முடியாது என்று எழுதியிருந்தது.

கோயிலில் பழக்கமான ஒரு வழக்கறிஞர் அண்ணனிடம் அதைக் காட்டினேன். அவர் முதலில் கேட்டது, "தம்பி, முனிசிபல் மேனேஜருக்கு நோட்டீஸ் கொடுத்தாயா?" எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

2002-ஆம் ஆண்டின் 40-ஆம் எண் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அரசு அமைப்புகள் மேல் வழக்குப் போடுவதற்கான சட்டம். சேதம் நடந்து ஆறு மாதத்துக்குள், என்ன நடந்தது, எவ்வளவு கேட்கிறீர்கள் என்று எழுதி முனிசிபல் மேனேஜருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதன் பிறகு 30 நாள் கழித்துத்தான் வழக்கு. நான் கவுண்டரில் கொடுத்த படிவம் முனிசிபாலிட்டியின் காப்பீட்டுப் பிரிவுக்குப் போனது. அதை நோட்டீஸ் என்று சொல்லி நிற்க முடியாது என்றார் அண்ணன். என் ஆறு மாதம் ஆகஸ்டிலேயே முடிந்திருந்தது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லி நீதிமன்றத்தில் மனுப் போடலாம். ஆனால் அதற்கு ஆகும் செலவு கார் ரிப்பேரைவிடக் கூட.

ஆறு மாதமும் போனில் என்னிடம் பேசிய ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் ஆறவில்லை.

இன்னொன்றும் கேளுங்கள். அந்தக் குழி எதிரே வீடு இருக்கும் ஆன்ட்டி டிசம்பரிலேயே போனில் புகார் செய்து, புகார் எண் வந்த எஸ்எம்எஸ்ஸை வைத்திருக்கிறார். குழி இருப்பது முனிசிபாலிட்டிக்குத் தெரியும், தெரிந்தும் அடைக்கவில்லை என்று காட்ட அதைவிட வேறு என்ன வேண்டும்? நான் அவரிடம் போய் விசாரித்ததே கடிதம் வந்த பிறகுதான். நீங்கள் முதல் வாரத்திலேயே அக்கம்பக்கத்தில் கேளுங்கள்.

கேட்டால் கிடைக்காது என்றும் நினைக்க வேண்டாம். எங்கள் மாகாணத்திலேயே, குழிக்கு விலகப் போய் விழுந்த ஒரு சைக்கிள்காரரின் வழக்கில், சாலையைக் கவனிக்காத மாகாண அரசு பொறுப்பு என்று 2008-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அந்தச் சைக்கிள்காரர் மீதும் ஒரு பங்கு தவறு வைத்தார்கள், அது வேறு. 20,000 ராண்டுக்கு உட்பட்ட தொகை என்றால், வக்கீல் இல்லாமல் நீங்களே சிறு உரிமைக்கோரல் நீதிமன்றத்தில் (Small Claims Court) முனிசிபாலிட்டி மேல் வழக்குப் போடலாம். அங்கேயும் அந்த ஆறு மாத நோட்டீஸ் இருந்தாக வேண்டும்.

நோட்டீஸை ஈமெயிலில் அனுப்பினால் ஏழு நாளுக்குள் சான்றொப்பமிட்ட நகலை நேரிலோ பதிவுத் தபாலிலோ சேர்க்க வேண்டும். அதற்கு நேரில் கொடுப்பதே மேல். அதற்கு முன் சாலை யாருடையது என்று பாருங்கள். என்2, என்3 மாதிரி தேசிய நெடுஞ்சாலை என்றால் சான்ரல் (SANRAL) என்ற தேசியச் சாலை நிறுவனம், மாகாணச் சாலை என்றால் மாகாணப் போக்குவரத்துத் துறை. தப்பான இடத்தில் கொடுத்தாலும் ஆறு மாதம் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

போன மாதம் அதே ஆன்ட்டியின் மகன் காரும் இரண்டு தெரு தள்ளி வேறொரு குழியில் அடிபட்டது. இந்த முறை பத்தாம் நாளே இரண்டு நகல் எடுத்துக்கொண்டு நானும் கூடப் போனேன். "விட்டுவிட்டுப் போங்கள்" என்றார்கள். முத்திரை குத்தி, தேதி போட்டு, கையெழுத்துடன் எங்கள் நகலைத் திருப்பித் தரும்வரை போக மாட்டோம் என்று நின்றோம். முக்கால் மணி நேரம் ஆயிற்று. முத்திரை விழுந்த அந்த நகலை ஆன்ட்டி பூஜை அறையில் வைத்திருக்கிறார்.