பிளக் செருகியும் சார்ஜ் ஏறாத லேப்டாப்: எந்த வைத்தியம் பலிக்கிறது?

“பிளக்டு இன், நாட் சார்ஜிங்” என்று விண்டோஸ் காட்டியதுமே பலர் புது பேட்டரி விலை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். பல வருடம் லேப்டாப்பை மேசையில் பிளக்கோடு வைத்துப் புழங்குகிறவர்களுக்குத் தெரியும், பேட்டரி கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய ஆள். மின்சாரம் உள்ளே வருகிறது, அதை பேட்டரிக்கு அனுப்ப வேண்டாம் என்று லேப்டாப் முடிவெடுத்திருக்கிறது. எதற்காக அப்படி முடிவெடுத்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் சதவீதத்தைப் பாருங்கள். 60 அல்லது 80-இல் அசையாமல் நின்றால் அது பழுதே இல்லை, யாரோ வைத்த வரம்பு. லெனோவோவின் வான்டேஜ் செயலியில் இதற்குப் பெயர் கன்சர்வேஷன் மோடு. டெல் பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அடிப்படை செட்டிங்ஸ் திரை) “பிரைமரிலி ஏசி யூஸ்” என்று இருக்கும். எச்பி பயாஸில் பேட்டரி ஹெல்த் மேனேஜர். பல மாடல்களில் இந்த வரம்பு விண்டோஸுக்கு வெளியே பதிவாகிறது, அதனால் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டாலும் போகாது. செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் குழம்புவது இங்கேதான். 96, 97-இல் நிற்பதும் சகஜம். சிறு இறக்கத்துக்கெல்லாம் மீண்டும் சார்ஜ் ஏற்றாமல் இருப்பது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. எப்போதும் பிளக்கில் இருக்கும் லேப்டாப்புக்கு 80 வரம்பைவிடப் பயனுள்ள வசதி வேறில்லை. லித்தியம் செல் முழுச் சார்ஜில், அதுவும் சூட்டில், கிடந்தால்தான் சீக்கிரம் கிழடு தட்டும்.

வரம்பு எதுவும் இல்லையா? லேப்டாப்பை முழுதாக ஷட் டவுன் செய்து ஒரு மணி நேரம் சார்ஜில் விடுங்கள். அணைந்திருக்கும்போது ஏறி, ஓடும்போது ஏறவில்லை என்றால் பேட்டரியும் சார்ஜிங் சர்க்யூட்டும் பெரும்பாலும் நலம். அடாப்டர் தரும் வாட் போதவில்லை, அல்லது சூடு அதிகம். அணைத்து வைத்தும் ஏறவில்லை என்றால்தான் அடாப்டர், ஜாக் (அடாப்டர் முனையைச் செருகும் துளை), பேட்டரி என்று வரிசையாகப் போக வேண்டும்.

அடாப்டரில்தான் அதிகம் ஏமாறுகிறோம். மல்டிமீட்டர் வைத்தால் 19.5 வோல்ட் சரியாகக் காட்டும், லேப்டாப்பும் ஓடும், சார்ஜ் மட்டும் ஏறாது. டெல், எச்பி வகைகளில் அடாப்டரின் பின்னுக்கு (லேப்டாப்பில் செருகும் முனை) நடுவே ஊசி போல ஒரு மெல்லிய முனை இருக்கும். தான் எத்தனை வாட் என்பதை அடாப்டர் அதன் வழியாகத்தான் லேப்டாப்புக்குச் சொல்கிறது. வயர் பின்னோடு சேரும் இடத்தில் மடங்கி மடங்கி அந்த மெல்லிய இழை அறுந்துவிட்டால், “எந்த அடாப்டர் என்று தெரியவில்லை” என்ற எச்சரிக்கை வரும், சார்ஜ் நிற்கும், டெல்லில் பிராசசர் வேகமும் சேர்ந்தே குறையும். திடீரென்று லேப்டாப் மந்தமாகி, சார்ஜும் ஏறவில்லை என்றால் இதைத்தான் முதலில் நினைக்க வேண்டும். பயாஸுக்குள் போய் அடாப்டர் வகை என்ன காட்டுகிறது என்று பாருங்கள். மீட்டர் முனையால் நடு ஊசியையும் சுற்றியுள்ள உலோக வளையத்தையும் சேர்த்துத் தொட்டுவிடாதீர்கள்.

டைப்-சி லேப்டாப்பில் குற்றவாளி பெரும்பாலும் கேபிள். 65 வாட் என்பது 20 வோல்ட், 3.25 ஆம்பியர். உள்ளே அடையாளச் சிப் இல்லாத கேபிள் 3 ஆம்பியர்தான் தாங்கும்; அதாவது 20 வோல்ட்டில் 60 வாட்டோடு சரி. ஃபோன் சார்ஜர் சொருகினால் சில லேப்டாப்புகள் கண்டுகொள்ளவே மாட்டா. எல்லா டைப்-சி துளையும் சார்ஜ் வாங்காது என்பதையும் மறக்க வேண்டாம். பக்கத்தில் பிளக் அல்லது மின்னல் குறி இருக்கிறதா பாருங்கள்.

டிவைஸ் மேனேஜரில் பேட்டரி டிரைவரை நீக்கி ரீஸ்டார்ட் செய்யச் சொல்லும் வைத்தியம் எங்கும் பரவிக் கிடக்கிறது. கெடுதல் இல்லை, ஆனால் பலிப்பது குறைவு. சார்ஜ் ஏற்றுவதா வேண்டாமா என்று தீர்மானிப்பது விண்டோஸ் அல்ல, மதர்போர்டில் இருக்கும் எம்பெடட் கன்ட்ரோலர் என்ற சிறு சிப். அதை ரீசெட் செய்வது உண்மையிலேயே பல சமயம் கைகொடுக்கிறது. ஷிஃப்ட் கீயை அழுத்தியபடி ஷட் டவுன் செய்து, அடாப்டரையும் மற்ற வயர்களையும் பிடுங்கி, கழற்றக்கூடிய பேட்டரி என்றால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு அடாப்டரை மட்டும் செருகி ஆன் செய்யுங்கள். பல திங்க்பேட்களில் இதற்கென்றே அடிப்பக்கம் குண்டூசித் துளை இருக்கும்.

பின்னை லேசாக அசைத்தால் சார்ஜ் விளக்கு விட்டு விட்டு எரிகிறதா? டிசி ஜாக் தளர்ந்திருக்கிறது. அது தனி வயரோடு வரும் மாடல் என்றால் மாற்றுவது சுலபம். போர்டிலேயே ஈயம் வைத்தது என்றால் கைதேர்ந்தவரிடம் கொடுங்கள்.

பேட்டரியின் உடல்நிலையை அறிய விண்டோஸின் பேட்டரி ரிப்போர்ட் போதும். டிசைன் கெப்பாசிட்டி (புதிதில் கொண்ட அளவு) 50 வாட்-ஹவர் இருந்து ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி (இப்போது கொள்ளும் அளவு) 25-க்குக் கீழே போய், 30 சதவீதத்திலேயே பட்டென்று அணைந்தால் ஆயுள் முடிந்தது. ஆனால் வெறும் தேய்மானத்தால் சார்ஜ் நிற்காது. மாதக்கணக்கில் காலியாகக் கிடந்து செல் வோல்ட்டேஜ் மிகவும் இறங்கிப்போனால் நிற்கும். அப்போது முதலில் மிகச் சிறிய கரன்ட்தான் போகும். அணைத்தபடி சில மணி நேரம் விட்டுப் பாருங்கள். டச்பேட் மேலெழும்பினாலோ அடிமூடி உப்பினாலோ சோதனை எதுவும் வேண்டாம், அடாப்டரைப் பிடுங்கிவிடுங்கள். அழுத்தவோ குத்தவோ கூடாது.

மாற்றும்போது லேப்டாப் மாடலை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடலில் 3 செல், 4 செல் என்று வோல்ட்டேஜும் கனெக்டரும் வேறான பேட்டரிகள் உண்டு. பழைய பேட்டரியின் மேல் அச்சிட்ட பார்ட் நம்பர்தான் கணக்கு. திங்க்பேட் போன்ற சிலவற்றில் ஒரிஜினல் அல்லாத பேட்டரியை மாட்டினால், இது ஏற்புடையதல்ல, சார்ஜ் ஆகாது என்று திரையிலேயே சொல்லிவிடும்.