திரையும் பிரிண்டும் ஒத்துவர: கேலிபிரேட்டரா, சோதனைப் பிரிண்டா?

பெங்களூரு அல்சூரில் கல்யாண ஆல்பம் செய்பவருக்கும் வரும் குழப்பம் இது: திரையில் பளிச்சென்ற அரக்குப் பட்டு, பிரிண்டில் கறுத்துப்போகிறது. பெரும்பாலும் திரையின் அதிக வெளிச்சமே காரணம். சரிசெய்ய இரண்டு வழி: திரையின் நிறத்தையும் வெளிச்சத்தையும் அளந்து சீராக்கும் கருவியான கேலிபிரேட்டர், அல்லது சின்னதாக ஒரு பிரிண்ட் போட்டுத் திரையோடு ஒப்பிடும் சோதனைப் பிரிண்ட்.

செலவு: கேலிபிரேட்டர் ஆயிரக்கணக்கில். நாலுக்கு ஆறு அங்குலப் பிரிண்ட் சில ரூபாய்.

துல்லியம்: கேலிபிரேட்டர் வெள்ளையின் சாயலை 6500 கெல்வின், இருளிலிருந்து வெளிச்சம் ஏறும் விதத்தை (காமா) 2.2 என்று திரையில் நிறுத்தும். அரைமணி நேரம் திரை ஓடிய பிறகே அளக்க வேண்டும். சோதனைப் பிரிண்டுக்குக் கண்தான் அளவுகோல். பகலில் ஜன்னலோரம் வைத்துப் பார்த்து, திரை வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பிரிண்ட் போடும் லேபில் ‘ஆட்டோ கரெக்‌ஷன் (மெஷினே நிறத்தை மாற்றுவது) வேண்டாம்’ என்று கட்டாயம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒப்பீடே பொய்.

உழைப்பு: கேலிபிரேட்டர் மாதம் ஒருமுறை. சோதனைப் பிரிண்ட் என்றால் தாள் மாறும்போதெல்லாம்.

தொழிலுக்குக் கேலிபிரேட்டர்தான், லேபின் ஐசிசி புரொஃபைலும் (அந்த மெஷினும் தாளும் நிறத்தை எப்படிக் காட்டும் என்று சொல்லும் கோப்பு) வேண்டும், அது இல்லாமல் பாதி வேலையே முடியும். வீட்டுப் படங்களுக்குச் சோதனைப் பிரிண்ட் தாராளம்.